கடலடிச் சேற்றில் மீத்தேன் தின்னும் நுண்ணுயிரிகள்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ஆர்க்காடு, குடியாத்தம் பக்கத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கடலடி நுண்ணுயிரிகளைப் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மாணவர்கள் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர்ப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் தொட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு வேறு கவலை. கேட்டவர்கள் கேட்ட போக்கிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது; பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதை மறுபடி விளக்கவில்லை.

மீத்தேன் என்றால் எங்கள் வீட்டுச் சாண எரிவாயுதானே? அது கடலுக்கு அடியில் எப்படிப் போனது?

அதேதான். சாண எரிவாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. கடலுக்கு அடியில் அது எங்கிருந்தோ போய்ச் சேரவில்லை, அங்கேயே உண்டாகிறது. கடலின் மேற்பரப்பில் வாழ்ந்து மடிந்த பாசிகளும் மற்ற உயிர்களின் கழிவும் மெல்ல இறங்கித் தரையில் படிகின்றன. மேல்சேற்றில் இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதற்கும் கீழே, வேறு வழியே இல்லாத ஆழத்தில், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் மிச்சத்தை மட்க வைக்கின்றன. மாட்டின் வயிற்றிலும் உங்கள் கலனிலும் வேலை செய்பவை இவற்றின் உறவுக்காரர்கள்தான். இன்னும் ஆழத்தில் பூமியின் வெப்பமே பழைய படிவுகளிலிருந்து வாயுவைப் பிரித்தெடுப்பதும் உண்டு.

சதுப்பேரியிலோ ஓட்டேரியிலோ தண்ணீர் தேங்கிய ஓரத்தில் சேற்றைக் குச்சியால் கிளறிப் பாருங்கள், குமிழி வரும். 1776-இல் இத்தாலியில் வோல்ட்டா என்ற அறிவியலாளர் ஓர் ஏரியின் சேற்றைக் கிளறிப் பிடித்த வாயுவும் இதுவே.

தின்கிறது என்றால் சரியாக என்ன செய்கிறது? ஆக்சிஜன் இல்லாமல் எரிவாயுவை எப்படி எரிக்க முடியும்?

ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் தனி இனம். அவற்றைப் பற்றி வயல் கேள்வியில் சொல்கிறேன். கடலடிச் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அதன் இடத்தில் சல்பேட் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் கரைந்திருக்கும். அது மேலிருந்து சேற்றுக்குள் ஊறி இறங்குகிறது. மீத்தேன் கீழிருந்து ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் அடுக்கில் ஒரு மீத்தேன் மூலக்கூறுக்கு ஒரு சல்பேட் என்ற கணக்கில் வினை நடக்கிறது. மிச்சமாக வருபவை பைகார்பனேட், சல்பைடு, தண்ணீர்.

அந்த அடுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. மீத்தேன் வேகமாகக் கசியும் இடத்தில் சில சென்டிமீட்டரிலேயே வந்துவிடும். உணவு குறைவாகப் படியும் ஆழ்கடலில் பல மீட்டர் தோண்ட வேண்டும்.

இது ஒரு வகை பாக்டீரியாதானே, சார்?

பாதி சரி. மீத்தேனைப் பிடிப்பது பாக்டீரியா இல்லை, ஆர்க்கியா. பார்வைக்குப் பாக்டீரியா போலவே இருந்தாலும் பரம்பரை வேறு. ஆய்வாளர்கள் இவற்றை ஏஎன்எம்இ (ஆக்சிஜன் இல்லாமல் மீத்தேன் தின்பவை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயரில் 1, 2, 3 என்று பிரித்திருக்கிறார்கள். சல்பேட்டைக் கையாளுவதுதான் பாக்டீரியா. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக வாழ்கின்றன.

2000-ஆம் ஆண்டில் கடல் உயிரியலாளர் ஆன்ட்ஜே போயேட்டியஸும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால் ஹைட்ரேட் ரிட்ஜ் என்ற கடலடி மேட்டிலிருந்து எடுத்த சேற்றில் இதை நேரடியாகக் காட்டினார்கள். ஆர்க்கியாவுக்கு ஒரு நிறமும் பாக்டீரியாவுக்கு வேறு நிறமும் ஒளிரும்படி சாயம் ஏற்றிப் பார்த்தபோது, நடுவே சுமார் 100 ஆர்க்கியா செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, அவற்றைச் சுற்றி ஓடு போலப் பாக்டீரியாக்கள் மூடியிருந்தன. அந்த நுண்ணோக்கிப் படத்தைத் திரையில் காட்டினால், அதுவரை பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

கண்ணால் பார்ப்பதற்கு முன்பே இப்படி ஒன்று இருக்கிறது என்று எப்படிச் சொன்னார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு குழாயைச் சேற்றில் இறக்கி, உள்ளே சிக்கிய சேற்றை அடுக்குக் கலையாமல் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பழுப்பாக இருக்கும், கீழே போகப் போகக் கறுக்கும், நறுக்கும்போது அழுகிய முட்டை வாடை வரும். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பிழிந்து, வடியும் நீரில் சல்பேட்டை அளக்கிறார்கள். மீத்தேன் பறந்துவிடும் என்பதால் அதற்கென்று வேறு கொஞ்சம் சேற்றை உடனே மூடிய குப்பிக்குள் அடைத்துவிடுகிறார்கள். கடைசியில் இரண்டையும் ஆழத்துக்கு எதிரே கோடாக வரைகிறார்கள்.

சல்பேட் கோடு மேலிருந்து குறைந்துகொண்டே வந்து ஓர் ஆழத்தில் பூஜ்யத்தைத் தொடுகிறது. மீத்தேன் கோடு கீழிருந்து குறைந்துகொண்டே வந்து ஏறக்குறைய அதே ஆழத்தில் பூஜ்யத்தைத் தொடுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் காணாமல் போகின்றன என்றால் ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன என்றுதானே பொருள்? 1970-களின் நடுப்பகுதியில் கடல் வேதியியலாளர்கள் இதை வாதமாக வைத்தார்கள். வில்லியம் ரீபர்க் அவர்களில் முக்கியமானவர். ஆனால் அந்த வேலையைச் செய்யும் உயிரி எதுவும் கையில் இல்லை. அதனால் நுண்ணுயிரியலாளர்கள் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதை நம்பத் தயங்கினார்கள்.

1999-இல் கலிபோர்னியாவுக்கு அப்பாலுள்ள ஈல் நதிப் படுகையின் சேற்றில் ஆர்க்கியாவுக்கே உரிய கொழுப்புப் பொருள்கள் கிடைத்தன. நுண்ணுயிரிகள் உண்டாக்கும் மீத்தேனில் கார்பனின் சற்றே கனமான வகையான கார்பன்-13 மிகக் குறைவு; அந்தக் கொழுப்பில் அது அதைவிடவும் குறைந்திருந்தது. மீத்தேனைத் தின்று உடம்பை வளர்த்த உயிரியிடம் மட்டுமே அப்படி இருக்க முடியும். அடுத்த ஆண்டே முன்பு சொன்ன படம் வந்தது. கோட்டை வரைந்தவர்கள் சொன்னதுதான் கடைசியில் நின்றது.

மொத்தத்தில் எவ்வளவு மீத்தேனைத் தடுக்கின்றன?

கடலடிப் படிவுகளில் உண்டாகும் மீத்தேனில் 90 சதவீதம் வரை கடல்நீரை எட்டுவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பூமியின் முக்கால் பங்கு கடலாக இருந்தும், காற்றில் சேரும் மீத்தேனில் கடலின் பங்கு மிகச் சிறியதாக இருப்பதற்கு இது பெரிய காரணம்.

இந்த 90-ஐ எல்லா இடத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. மீத்தேன் மெல்ல ஊறி வரும் இடத்தில் ஏறக்குறைய முழுவதும் பிடிபடும். குமிழியாகச் சேற்றைப் பிளந்துகொண்டு வரும் இடத்தில் பெரும்பங்கு தப்பிவிடும். கரைந்த மீத்தேனைத்தான் செல்களால் எடுக்க முடியும். கீழிருந்து திரவம் வேகமாகத் தள்ளும் சேற்று எரிமலைகளில் இன்னொரு சிக்கல்: அந்த ஓட்டம் சல்பேட்டை இறங்கவே விடாது.

ஏன் இவ்வளவு மெதுவாக வளர்கின்றன?

வரும்படி அவ்வளவு குறைவு. ஆக்சிஜனோடு ஒரு மோல் மீத்தேனை எரித்தால் சுமார் 800 கிலோஜூல் கிடைக்கும். சல்பேட்டோடு, கடலடியில் இருக்கும் நிலைமையில், 20 முதல் 40 கிலோஜூல்தான். 800 ரூபாய்க் கூலி கிடைக்கும் வேலைக்கு 20, 30 ரூபாய் கொடுத்து, அதையும் இரண்டு பேர் பிரித்துக்கொள்ளச் சொன்னால் குடும்பம் எப்படிப் பெருகும்? மனிதக் குடலில் வாழும் ஈ. கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவை இரட்டிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆய்வகத்தில் ஏழு மாதம் வரை ஆனதும் உண்டு.

மெதுவாக வாழ்ந்தாலும் விட்டுவிட்டால் மலையாகக் குவியும் என்பதற்குக் கருங்கடல் சாட்சி. அங்கே ஆக்சிஜனே இல்லாத அடிநீரில், மீத்தேன் கசியும் இடங்களில், இந்த நுண்ணுயிரிகளின் தடித்த படலம் போர்த்திய சுண்ணாம்புத் தூண்கள் நான்கு மீட்டர் உயரம் வரை நிற்கின்றன.

பாக்டீரியாவைப் பிரித்துவிட்டால் ஆர்க்கியா செத்துவிடுமா? இரண்டுக்கும் நடுவில் என்னதான் கைமாறுகிறது?

கைமாறுவது எலக்ட்ரான். மீத்தேனிலிருந்து எலக்ட்ரானை உருவும் ஆர்க்கியாவுக்கு அதைத் தள்ளிவிட ஓர் இடம் வேண்டும். பாக்டீரியா அதை வாங்கிச் சல்பேட்டின் மேல் ஏற்றுகிறது. ஹைட்ரஜன் போன்ற ஏதோ ஒரு பொருள் வழியாக நடக்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். கணக்குச் சரிப்படவில்லை. 2015-இல் வந்த இரண்டு ஆய்வுகள், எலக்ட்ரான் செல்லிலிருந்து செல்லுக்கு நேரடியாகவே பாய்கிறது என்பதற்கு வலுவான சான்று தந்தன.

2016-இல் ஒரு குழு இன்னும் துணிந்து ஒரு சோதனை செய்தது. பாக்டீரியாவுக்குப் பதிலாக எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் செயற்கைப் பொருள் ஒன்றைச் சேற்றில் சேர்த்தார்கள். பங்காளியின் தயவில்லாமலே ஆர்க்கியா மீத்தேனைத் தின்றது. ஆக, எலக்ட்ரானுக்குப் போக்கிடம் இருந்தால் அது பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் கடலடி வகைகளைச் சுத்தமாகத் தனியே பிரித்து வளர்ப்பது கைகூடாத வேலையாகவே இருக்கிறது.

மீத்தேன் உண்டாக்குவதும் ஆர்க்கியா, தின்பதும் ஆர்க்கியா என்கிறீர்கள். இது என்ன கூத்து?

கூத்துத்தான். இரண்டும் ஒரே நொதியைப் பயன்படுத்துகின்றன. நிக்கல் அடங்கிய நொதி அது. மீத்தேன் உண்டாக்கும்போது கடைசிப் படியாக இருப்பது, தின்னும்போது முதல் படியாகிறது. மீத்தேன் உண்டாக்கும் ஓர் ஆர்க்கியாவின் நொதியை எடுத்துப் பின்னோக்கி இயக்கிப் பார்த்தார்கள். மெதுவாக என்றாலும் அது இயங்கியது. எந்தத் திசையில் ஓடினால் ஆற்றல் மிஞ்சும் என்பதைச் சுற்றுப்புறம் தீர்மானிக்கிறது.

தின்ற பிறகு அதுவும் கார்பன் டை ஆக்சைடு கணக்கில்தானே சேரும்? அப்புறம் என்ன லாபம்?

முதலில், மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் எடைக்கு எடை ஒரே அளவு கெடுதல் செய்பவை இல்லை. 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமூட்டும் திறன் ஏறக்குறைய 28 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல்.

அடுத்தது, இங்கே வருவது வாயுவாக இல்லை, பைகார்பனேட்டாக. அது சேற்று நீரின் காரத்தன்மையைக் கூட்டுகிறது. அதில் ஒரு பங்கு கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லாகவே இறுகிவிடுகிறது. மீத்தேன் கசிவுகளைச் சுற்றி இப்படிக் கற்பாளங்கள் கிடக்கின்றன. கல்லின் கார்பனைச் சோதித்தால் முன்பு கொழுப்பில் பார்த்த அதே கார்பன்-13 குறைவு தெரியும். வெளியேறும் சல்பைடும் வீணாவதில்லை. அதைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்களைத் தங்கள் உடம்புக்குள் குடிவைத்திருக்கும் சிப்பிகளும் குழாய்ப் புழுக்களும் அந்த இடங்களில் கூட்டமாக வாழ்கின்றன, சூரிய ஒளியே எட்டாத ஆழத்தில்.

எங்கள் கழிவுநீரில் சல்பேட் இருக்கிறது, மூடிய தொட்டியில் மீத்தேன் வருகிறது, ஆக்சிஜனும் இல்லை. அங்கே ஏன் இது நடக்கவில்லை?

இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் பேசினால் தவறாமல் வரும் கேள்வி. கடல் ஆய்வாளர்களே கேட்கக்கூடிய தரமான கேள்வியும் கூட. தோல் பதனிடும் நீரில் சல்பேட்டுக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்பு நீக்க அம்மோனியம் சல்பேட், பதனிடக் குரோமியம் சல்பேட். முடி நீக்கச் சேர்க்கும் சோடியம் சல்பைடு வேறு.

ஆனால் தொட்டியில் சல்பேட் பாக்டீரியாவுக்கு மீத்தேன் தேவையே இல்லை. தோலிலிருந்து கரைந்து வந்த புரதமும் கொழுப்பும் சிதைந்து அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் கிடைக்கின்றன. அவற்றை எடுத்துக்கொள்வதில் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவைச் சல்பேட் பாக்டீரியா முந்திவிடுகிறது. அதனால்தான் சல்பேட் கூடிய நீரில் எரிவாயு குறைந்து ஹைட்ரஜன் சல்பைடு கூடுகிறது. கடலிலும் மீத்தேன் பெரும்பாலும் உண்டாவது சல்பேட் தீர்ந்த ஆழத்துக்குக் கீழேதான், அதற்கும் இந்தப் போட்டிதான் முக்கியக் காரணம். இதற்கு மேல், தொட்டியின் கசடு சில வாரங்களில் வெளியேறிவிடும். மாதக்கணக்கில் இரட்டிக்கும் உயிரி அங்கே கால் ஊன்றுவதற்குள் அடித்துச் செல்லப்படும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜன் சல்பைடு விஷயத்தில் மூக்கை நம்பாதீர்கள். அளவு கூடும்போது, பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற நிலையிலேயே, மூக்கு மரத்துப்போய் வாடை நின்றுவிடும். வாடை போய்விட்டது என்று தொட்டிக்குள் இறங்குவது உயிரைக் கொடுப்பதற்குச் சமம். வாயு அளக்கும் கருவி இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது.

பாலாற்றுச் சேற்றிலும் ஏரிகளிலும் இவை இருக்குமா?

நன்னீரில் பொதுவாகச் சல்பேட் குறைவு. அங்கே இதே வேலையை நைட்ரேட் கொண்டு செய்யும் உறவினங்களும், நைட்ரைட் கொண்டு செய்யும் வேறு பாக்டீரியாக்களும் உண்டு. 2006-இல் நெதர்லாந்தில் வயல்களிலிருந்து நைட்ரேட் வடிந்து சேரும் ஒரு கால்வாய்ச் சேற்றிலிருந்து அப்படி ஒரு கூட்டத்தை வளர்த்துக் காட்டினார்கள். சாக்கடையும் உரமும் கலந்து நைட்ரேட் ஏறிய நீர்நிலைகள் எந்த ஊரில் இருந்தாலும் தேடிப் பார்க்கத் தகுந்த இடங்கள். முதுநிலை மாணவர் யாராவது தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

நெல் வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறதாமே, அங்கே யாரும் தின்பதில்லையா?

தின்கிறார்கள். நெல்வேர் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் ஆக்சிஜனைக் கசியவிடுகிறது. அங்கேயும் சேற்றின் மேல்தோலிலும் ஆக்சிஜன் கொண்டு மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஆனால் நெல்லின் தண்டே காற்றுக்குழாயாக இருப்பதால் பெருமளவு மீத்தேன் இவற்றின் கைக்குச் சிக்காமல் மேலே போய்விடுகிறது. தின்னியை நம்புவதைவிட உற்பத்தியைக் குறைப்பதே சுலபம். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் கணிசமாகக் குறைகிறது. ஏரி வற்றும் நம் பக்கத்துக்குத் தண்ணீரும் மிச்சம். சல்பேட் அடங்கிய ஜிப்சம் இட்ட வயலில் மீத்தேன் குறைவதற்குக் காரணம், தொட்டிக் கேள்வியில் சொன்ன அதே போட்டி.

டெல்டாவில் போராடினார்களே, அந்த மீத்தேனா இது?

இல்லை. அங்கே பேச்சு, நிலத்தடி நிலக்கரிப் படுகையில் அடைபட்ட மீத்தேனைப் பற்றியது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கச் சட்டம் வந்தது. வாயு ஒன்றுதான், இடம், சிக்கல், அரசியல் எல்லாம் வேறு.

நம் கடலில் இவை உண்டா?

வங்காள விரிகுடாவில், ஆந்திரக் கரைக்கு அப்பால், கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் 2006-இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் ஆய்வு செய்தது. ஓரிடத்தில் 130 மீட்டர் அளவுக்குத் தடித்த படிவில், விரிசல்களுக்குள் மீத்தேன் ஹைட்ரேட் உறைந்திருந்தது. ஹைட்ரேட் என்பது குளிரும் அழுத்தமும் சேர்ந்து தண்ணீரையும் மீத்தேனையும் பனிக்கட்டி போல இறுக்கிய பொருள். ஒரு கன மீட்டரில் சுமார் 160 கன மீட்டர் வாயு அடங்கும். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதே படுகையில் மீத்தேன் கசிவுகளையும் அவற்றைச் சார்ந்து வாழும் உயிர்களையும் கண்டிருக்கிறார்கள். மீத்தேனும் சல்பேட்டும் சந்திக்கும் அடுக்கு அங்கேயும் அளக்கப்பட்டிருக்கிறது.

வேலூரில் இருந்துகொண்டு இதைப் படிக்க முடியுமா?

தாராளமாக. நுண்ணுயிரியல், வேதியியல், புவியியல் எதில் தொடங்கினாலும் வழி உண்டு. அடுத்த படிக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். 6000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை இறக்குவதற்கான மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கி வாகனம் அங்கேதான் உருவாகிறது. நீச்சல் தெரியாதே என்று தயங்க வேண்டாம், பாதி வேலை ஆய்வகத்தில்தான்.

இந்த நுண்ணுயிரியைப் பாட்டிலில் அடைத்து மாட்டுத் தொழுவத்திலும் குப்பைமேட்டிலும் தெளித்தால் என்ன?

ஆக்சிஜன் பட்டால் முடங்கிவிடும், சல்பேட் தொடர்ந்து வேண்டும், பெருக மாதங்கள் ஆகும், ஒவ்வொரு மீத்தேனுக்கும் ஒரு சல்பைடை வெளியே விடும். தொழுவத்தில் அழுகிய முட்டை வாடை வேண்டும் என்றால் முயலலாம். குப்பைமேட்டுக்கு ஆக்சிஜன் கொண்டு தின்னும் மண் பாக்டீரியாக்களே பொருத்தம். மேலே நல்ல மக்கு மண் பரப்பினால் அவை தாமாகவே வந்து சேரும். இந்தப் பக்கம் யாராவது மீத்தேன் தின்னும் கலவை என்று விற்க வந்தால், ஆக்சிஜன் வேண்டுமா வேண்டாமா என்று முதலில் கேளுங்கள். பதிலில் பாதி உண்மை வெளிவந்துவிடும்.

கடல் சூடாகி ஹைட்ரேட் உருகினால் இவற்றால் சமாளிக்க முடியுமா?

ஒரே நாளில் முடியாது. புதிதாகக் கசியத் தொடங்கும் இடத்தில் போதுமான கூட்டம் பெருகவே நெடுநாள் பிடிக்கும், அதுவரை வருவது தப்பிக்கும். குமிழியாக வந்தால் எப்படியும் தப்பும். ஆனால் சேற்றை விட்டு வெளியேறியதெல்லாம் காற்றில் சேர்ந்துவிடாது. ஆழம் அதிகமென்றால், குமிழி மேலே வருவதற்குள் அதிலுள்ள மீத்தேன் கடல்நீரில் கரைந்துவிடும். கரைந்ததை, நீரில் வாழும் ஆக்சிஜன் வகைப் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். கவலைக்குரியவை ஆழம் குறைந்த கடல்கள்.

எந்தக் கசிவைக் கண்டாலும் வெப்பமாதலின் விளைவு என்று சொல்லிவிடவும் கூடாது. 2008-இல் ஆர்க்டிக் பகுதியிலுள்ள ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே, ஹைட்ரேட் நிலைத்திருக்கும் எல்லையை ஒட்டி, நூற்றுக்கணக்கான குமிழித் தாரைகளைக் கண்டபோது அப்படித்தான் அஞ்சினார்கள். பிறகு அங்கிருந்த சுண்ணாம்புக் கற்பாளங்களின் வயதை அளந்தார்கள். இந்த நுண்ணுயிரிகள் மீத்தேனைத் தின்றபோது உருவான அதே கற்கள். அந்தக் கசிவு குறைந்தது 3000 ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது.